ஹெல்சிங்கியிலிருந்து அப்பச்சிக்கு

ஹெல்சிங்கி,
மார்கழி.

அன்புள்ள அப்பச்சிக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். ஆத்தாவும் வளவில் மற்றவர்களும் நலம்தானே?

"உலகிலேயே மகிழ்ச்சியான நாடு பின்லாந்து என்கிறார்களே, ஒன்பது மணிக்கு மேல் விடிந்து மூன்றேகாலுக்கு இருட்டிவிடும் ஊரில் அப்படி என்ன மகிழ்ச்சி?" என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நாடுகளை வரிசைப்படுத்தும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் பட்டியலுக்காக மக்களிடம் கேட்கும் முக்கியக் கேள்வி ஒன்றுதான். 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியில், உச்சிப் படி உங்களுக்கு அமையக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2025 அறிக்கையில் பின்லாந்தின் சராசரி ஏறத்தாழ 7.7, இந்தியாவுக்கு 4.4. 2018 முதல் பின்லாந்துக்கே முதலிடம்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். ஆனால் என்னுடன் வேலை செய்பவர் அறுவை சிகிச்சைக்குப் போனபோது யாரிடமும் கடன் கேட்கவில்லை, நகையை அடகு வைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் நோயாளி ஓராண்டில் கட்டும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1948 முதல் இலவச மதிய உணவு. காமராஜரைப் போற்றும் உங்களுக்கு இது பிடிக்கும். சம்பளத்தில் பெரும் பங்கு வரியாகப் போகிறது, ஆனால் அது எங்கே போகிறதென்று கண்ணால் பார்க்க முடிகிறது. 2013இல் ஒரு பத்திரிகை பல நகரங்களில் பணப்பைகளை வேண்டுமென்றே தவறவிட்டுச் சோதித்தது. ஹெல்சிங்கியில் 12இல் 11 திரும்பி வந்தன.

பணம் மட்டும் இதைத் தந்துவிடாது. பின்லாந்தைவிடச் செல்வம் மிகுந்த அமெரிக்கா அதே பட்டியலில் 24ஆவது. வருமானத்தில் எவ்வளவோ கீழே இருக்கும் கோஸ்டா ரிக்கா 6ஆவது. அது போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளில் குடும்பப் பிணைப்பும் சேர்ந்து உண்ணும் பழக்கமும் பெரிய பலம் என்கிறார்கள். படித்ததும் நம் வீடுதான் நினைவுக்கு வந்தது. நம் செட்டிநாட்டு வழக்கப்படி கல்யாணமான மகனை வேறு வைக்கிறோம். அடுப்பும் கணக்கும் தனி, ஆனால் எல்லாரும் சேர்ந்திருக்கும் வளவு வீடு ஒன்றே. அவரவர் போக்குக்கும் இடமுண்டு, காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவரவும் ஆளுண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நம் முன்னோர், பெண்டுபிள்ளைகளை அந்தத் தைரியத்தில்தான் விட்டுப் போயிருக்க வேண்டும்.

இங்கே கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் ஒருவர் மட்டுமே வசிக்கிறார். எங்கள் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். ஓய்வூதியம், மருந்து, கதகதப்பான வீடு, எதற்கும் குறைவில்லை. போன ஞாயிறு வெள்ளைப் பணியாரம் கொண்டுபோனோம். இருட்டும்வரை எங்களைப் போகவிடவில்லை. கணவர், மீன்பிடி, மகனின் கல்யாணம் என்று புகைப்படம் புகைப்படமாகக் காட்டினார். பணியாரத்தில் ஒன்றை மட்டும் உண்டுவிட்டு மற்றதை மறுநாளுக்கு எடுத்து வைத்தார்.

அதற்காக, இல்லாதவர்கள்தாம் நிறைவாக வாழ்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, அப்பச்சி. ஆத்தா செலவுக்குப் பயந்து முழங்கால் வலியை நம்மிடமே மறைக்கிறார்கள். இதை நிறைவு என்று நான் எப்படிச் சொல்வேன்?

தை பிறந்ததும் ஆத்தாவை மதுரைக்கு அழைத்துச் சென்று எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பணம் அனுப்பியிருக்கிறேன். முகப்பு ஓடு மாற்றுவதற்கு அதிலிருந்து எடுக்க வேண்டாம். அதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்றே போன் செய்யுங்கள்.

தங்கள் அன்பு மகன்