கேட்பது ஒரு நாள் வேலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் வேலை உத்தரவைப் படித்தேன். 'பெருங்கொடைப் பிரிவு அலுவலர்' என்று தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போனில் உன் குரல்தான் அவ்வளவு நன்றாக இல்லை. "இவ்வளவு படிச்சுட்டு இப்போ பல்கலைக்கழகத்துக்காக ஊர் ஊரா பணம் கேட்டுப் போறேன்மா" என்றாய். பேச்சில் பதில் சொன்னால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

கூச்சத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலைந்து பேர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்ன பிறகு அது தானாகப் போய்விடும். அப்புறம், நீ நினைப்பதைவிட இது பழைய தொழில். ஹார்வர்ட் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1641-ல், மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து மூன்று பேரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கல்லூரிக்குப் பணம் திரட்டுவதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. லண்டனில் ஆன் ராட்கிளிஃப் மௌல்சன் என்ற கணவனை இழந்த பெண்மணி, ஏழை மாணவர் ஒருவரின் படிப்புக்கென்று 1643-ல் 100 பவுண்டு கொடுத்தார். 1894-ல் ஒரு மகளிர் கல்லூரிக்கு ராட்கிளிஃப் என்று பெயர் வைத்தது அவர் நினைவாகத்தான். இதில் எனக்குப் பிடித்தது வேறொரு சங்கதி. அந்தப் பணத்தை வாங்கியவர் தாமஸ் வெல்ட் என்ற பாதிரியார். வாங்கியபோது எழுதிய தாளிலேயே, உதவித்தொகை முதலில் அங்கே படித்துக்கொண்டிருந்த ஜான் வெல்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஜான் அவருடைய மகன்! தொழிலுக்கு என்ன வயதோ, அதில் வரும் சபலத்துக்கும் அதே வயது.

யேல் கதையும் அப்படித்தான். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்து சம்பாதித்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பியிருந்தார் எலிஹு யேல். அவருக்கு 1718-ல் காட்டன் மேதர் என்ற பாஸ்டன் பாதிரியார் ஒரு கடிதம் எழுதினார். கனெக்டிகட்டில் உருவாகிவரும் கல்லூரிக்கு உங்கள் பெயரை வைக்கலாம், எகிப்தியப் பிரமிடைவிட அது நல்ல நினைவுச்சின்னமாக இருக்கும் என்பது அதன் சாரம். யேல் மூட்டை மூட்டையாகச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. அந்தத் தொகைக்குக் கிடைத்த பெயர் இன்றும் நிற்கிறது. அவருடைய சொத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பு பற்றிய கேள்விகளும் அந்தப் பெயரோடு சேர்ந்தே நிற்கின்றன. கட்டடத்துக்கு யாருடைய பெயரையாவது வைக்கிறோம் என்று நீ வாய்விடும் முன்னால் இதை ஒரு முறை நினைத்துக்கொள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. நீ இந்த வேலையைக் கேட்கும் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் மேலாளரும் அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது, இல்லையென்றால் முதல் வாரமே டார்கெட்டைக் கையில் கொடுத்திருக்க மாட்டார். ஒரு பெரிய நன்கொடையில் கேட்பது ஒரு நாள் வேலை. அந்த நாள் வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். வாங்கிய பிறகு சொன்னபடி நடந்துகொள்வதற்குக் காலக்கெடுவே கிடையாது. நீ வேறு வேலைக்குப் போன பிறகும், கொடுத்தவர் காலமான பிறகும், பல்கலைக்கழகம் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டே இருக்கும். உன் வாயிலிருந்து வருவது உன் வார்த்தை இல்லை என்று ஞாபகம் வை. இன்னும் வேலைக்குச் சேராத யாரோ ஒருவர் காப்பாற்றப்போகும் வார்த்தை அது.

என் பணிக்காலம் முழுவதும் நான் பணம் கேட்கும் மேஜைக்கு வந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். ரசீது, பதிவேடு, எந்த நிதிக்கு எந்தக் குறியீடு, யார் இறந்துபோனார், யார் வீடு மாறினார், இதுதான் என் உலகம். உங்கள் மாதிரி கோட்டுப் போட்டவர்கள் வெளியே போய் வந்து, "பெரிய மீன் மாட்டும்போல இருக்கு" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, இன்றும் பிடிக்காது. கொடுப்பவர் மீன் இல்லை.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். கணவர் இறந்து ஆறு மாதம் ஆன வீட்டுக்கு, அவர் பெயரிலேயே "அன்புள்ள நண்பரே, இந்த ஆண்டும் உங்கள் ஆதரவை நாடுகிறோம்" என்று ஒரு கடிதம் போனால் என்ன ஆகும்? பிரித்துப் படிப்பவர் அந்த அம்மா. பல்கலைக்கழகத்தின் மேல் அவருக்கு இருந்த பிரியம் அந்த ஒரு உறையோடு போய்விடும். மணமுறிவு ஆன தம்பதிக்கு ஒரே அழைப்பிதழ், போன் செய்யாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தவருக்கு மாணவர்களை விட்டுப் போன், பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரின் பெயர் ஆண்டறிக்கையில். இதெல்லாம் டேட்டாபேஸில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால் நடப்பவை. நிரப்ப அரை நிமிடம்கூட ஆகாது. நிரப்ப வேண்டியவர் அடுத்த சந்திப்புக்கு ஓடிக்கொண்டிருப்பார்.

அதனால் யாரையாவது பார்த்துவிட்டு வந்தால் அன்றே குறிப்பு எழுது. என்ன பேசினீர்கள், அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய். முக்கியமாக, நீ என்ன சொல்லவில்லை என்பதையும் எழுது. "பெயர்ப்பலகை பற்றிக் கேட்டார், உறுதி எதுவும் கொடுக்கவில்லை" என்ற ஒரு வரி பின்னால் வருபவரைப் பெரிய தலைவலியிலிருந்து காப்பாற்றும். எழுதும்போது அவரே இதைப் படிப்பார் என்று நினைத்து எழுது. பல நாடுகளில் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. மருமகளோடு சண்டை, உடம்பு சரியில்லை, குடிக்கிறார் என்பவையெல்லாம் கோப்பில் ஏற வேண்டாம். உன்னை நம்பி ஒருவர் சொன்ன துக்கத்தைத் தகவலாக மாற்றாதே.

ஒப்பந்தம் எழுதும் இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கொடுப்பவர் மகிழ்ச்சியில் இருப்பார், வாங்குபவர் அதைவிட மகிழ்ச்சியில் இருப்பார், வார்த்தைகளை நிதானமாகப் பார்க்க ஆள் இருக்காது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1961-ல் ராபர்ட்சன் தம்பதி மூன்றரைக் கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தார்கள். மாணவர்களை அரசுப் பணிக்கு, முக்கியமாக வெளியுறவுப் பணிக்கு, தயார்செய்யும் மேற்படிப்புக்கு என்பது நோக்கம். நாற்பது ஆண்டு கழித்து, 2002-ல், பணம் அந்த நோக்கத்துக்குப் போகவில்லை என்று குடும்பம் வழக்குப் போட்டது. பல்கலைக்கழகம் மறுத்தது. 2008 கடைசியில் சமரசம் ஆவதற்குள் வக்கீல் செலவே கோடிக்கணக்கான டாலர். 1961-ல் கைகுலுக்கியவர்களில் எத்தனை பேர் அப்போது பதவியில் இருந்திருப்பார்கள்?

ஆகையால் இரண்டு விஷயங்களை நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. ஒன்று, நிரந்தர நிதி எப்படி வேலை செய்கிறது என்பது. 100 கொடுத்தால் 100-ம் மாணவருக்குப் போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மூலத்தைத் தொடாமல் முதலீடு செய்து, ஆண்டுக்குப் பொதுவாக 4 அல்லது 5-ஐத்தான் செலவுக்கு எடுப்பார்கள். கையெழுத்துக்குப் பிறகு இது தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாகவே அவருக்குத் தோன்றும். இன்னொன்று, நோக்கத்தை ரொம்பக் குறுக்க வேண்டாம் என்பது. இந்தத் துறையில், இந்தப் பாடத்தில், இந்த வகை மாணவருக்கு மட்டும் என்று எழுதிவிட்டு, பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தப் பாடமே எடுக்கப்பட்டுவிட்டால் பணம் முடங்கிக் கிடக்கும். அப்படி முடங்கிய நிதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறியீடு இருக்கும், பணம் இருக்கும், வாங்க மாணவர் இருக்க மாட்டார். நோக்கம் நிறைவேற முடியாமல் போனால் அதற்கு மிக நெருக்கமான நோக்கத்துக்குச் செலவிடலாம் என்று ஒரு வாசகம் சேர்க்கச் சொல். கொடுப்பவர் முகம் கொஞ்சம் சுருங்கும். சுருங்கட்டும்.

வேண்டாம் என்று சொல்வதும் உன் வேலைதான். இதை எந்தப் பணி விவரத்திலும் போட மாட்டார்கள். புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2024 மே மாதம் பட்டமளிப்பு விழா மேடையில் 23 கோடியே 70 லட்சம் டாலர் நன்கொடை என்று அறிவித்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மொத்த மூலநிதியைவிடப் பெரிய தொகை. பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படாத ஒரு தனியார் நிறுவனத்தின் பங்குகளாக அது வந்தது. மதிப்பு எவ்வளவு என்று சொன்னது கொடுத்த பக்கம்தான். சில நாட்களிலேயே அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது, அப்புறம் விசாரணை. நிதி திரட்டும் பிரிவின் தலைவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார், பல்கலைக்கழகத் தலைவரும் பதவி விலகினார். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டதால், சந்தேகம் வந்தாலும் வெளியே யாரிடமும் போய்க் கேட்க வழியில்லாமல் போனது. யாராவது உன்னிடம் "இதை உங்க ஆபீஸ்ல நிதிப் பிரிவுக்குக்கூடச் சொல்லாதீங்க" என்றால், அன்றே நிதிப் பிரிவுக்குச் சொல்லிவிடு.

கொடுத்தவர் பெயரை ஊருக்கு மறைப்பது வேறு, உள்ளே இருப்பவர்களுக்கே மறைப்பது வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உள்ள மீடியா லேப் என்ற ஆய்வகம், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஜெஃப்ரி எப்ஸ்டீனிடம் வாங்கிய பணத்தைப் பெயரில்லாக் கொடையாகப் பதிந்தது 2019-ல் வெளியே வந்தபோது, அதன் இயக்குநர் பதவி விலக வேண்டியிருந்தது. அடக்கத்தால் பெயர் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவர்கள் அவர்கள்தான். இது அது இல்லை.

நீ திரட்டுவதில் உனக்கு இத்தனை சதவீதம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. இந்தத் தொழிலின் நெறிமுறைகள் அதைத் தடுக்கின்றன, காரணமும் சின்னதுதான். சதவீதம் வாங்குபவன், "இந்த ஆண்டு வேண்டாம் ஐயா, பெண் கல்யாணம் முடியட்டும்" என்று சொல்ல மாட்டான்.

போனில் நீ சொன்ன இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. முன்னாள் மாணவர் பிரிவில் இருப்பவர்களைப் பற்றி, "அவங்க சும்மா பார்ட்டி நடத்துறவங்க" என்றாய். வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-ல் தலைவரே சில மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வேறு கல்லூரி தொடங்கப் போய்விட்டார். கல்லூரியே மூடப்படும் என்று பேச்சு. அப்போது பழைய மாணவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவின் மிகப் பழைய முன்னாள் மாணவர் சங்கம் அதுதான். ஆண்டுதோறும் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கும் முறைக்கு முன்னோடியான யேல் நிதி வந்தது 1890-ல். முதலில் ஆட்கள் சேர்ந்தார்கள், பணம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. நீ கேட்கப் போகும் வீட்டில் கதவு திறக்கிறது என்றால், பத்து ஆண்டுக்கு முன்னால் உன் பார்ட்டிக்காரர்கள் யாரோ அவருக்கு ஒரு பழைய நண்பரின் முகவரியைத் தேடிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு டார்கெட் கணக்கு இல்லாததால் பாராட்டும் இல்லை. உன் அறிக்கையில் அவர்கள் பெயரைப் போடு.

சின்னத் தொகைக்காரர்களை உன் பிரிவு கண்டுகொள்ளாது, எனக்குத் தெரியும். நியூயார்க் மேயராக இருந்த கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த அடுத்த ஆண்டு, 1965-ல், அதற்குக் கொடுத்தது 5 டாலர். 2018-ல் அதே இடத்துக்கு, மாணவர் உதவித்தொகைக்காக, 180 கோடி டாலர் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லி, எந்த ஐந்து டாலர் கோடியாகும் என்று யாருக்குத் தெரியும் என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒப்பாது. பெரும்பாலான ஐந்து ஐந்தாகவேதான் இருக்கும். அதற்கும் சரியான பெயரில், சரியான தேதியில் ரசீது போக வேண்டும். அந்த 5 டாலரைப் பதிந்த குமாஸ்தா யாரோ எவரோ, அவரை நினைத்தால் எனக்குச் சொந்தக்காரர் போலத்தான் இருக்கிறது.

உங்கள் தொழிலில் ஆட்கள் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டில் அடுத்த பல்கலைக்கழகம், கூடுதல் சம்பளம். நீயும் போவாய், போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போகும்போது மட்டும் உன்னை நம்பிக் கொடுத்தவர்களிடம் நீயே போன் செய்து சொல்லிவிட்டு, அடுத்து வருபவரை அறிமுகம் செய்துவிட்டுப் போ. அவர்கள் பட்டியலைப் பையில் போட்டுக்கொண்டு புது இடத்துக்குப் போகாதே. அது உன்னுடையது இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய். முதல் மாதம் வெளியே சுற்றுவதற்கு முன்னால், ரசீதுப் பிரிவில் போய் இரண்டு நாள் உட்கார அனுமதி கேள். அங்கே இருக்கும் மூத்தவரிடம், எந்த நிதிகள் செலவழியாமல் கிடக்கின்றன என்று பட்டியல் வாங்கு. அவர் முதலில் உன்னைச் சந்தேகமாகப் பார்ப்பார், உங்கள் பிரிவிலிருந்து யாரும் அங்கே வந்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒன்றை எடுத்து, கொடுத்தவரோ அவர் பிள்ளைகளோ இருக்கிறார்களா என்று பார். இருந்தால், உன் முதல் சந்திப்பு அவர்களோடு இருக்கட்டும். பணம் கேட்காதே. பணம் என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதை ஓடவைக்க என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு வா. டார்கெட்டில் அது ஏறாது. உன் மேலாளர் ஏதாவது சொன்னால், அம்மா சொன்னாள் என்று சொல்லாதே, நீயே ஒரு காரணம் கண்டுபிடி.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்.

அன்புடன்,
அம்மா