நாய் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வெறிநோய்த் தடுப்பூசி முகாம் குறையில்லாமல் நடந்தது. சந்தா பாக்கி வழக்கம்போல் இருக்கிறது. அதைப் பொருளாளர் சொல்வார். மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் தின்றது உண்ணிக் காய்ச்சல்தான்.

உண்ணி கடித்து நாய்க்கு வரும் இந்தக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமிகளில் ஒன்றான பபேசியா, ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைக்கும். ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிற நிலைக்கு வந்த நாய்க்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்காக ரத்தம் கொடுக்கத் தகுதியான நாய்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். நல்ல எடையுள்ள, திடமான நாய்களாகப் பார்த்துச் சேர்த்தோம். மருத்துவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: ஒவ்வொன்றுக்கும் முதலில், ரத்தத்தில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை. வீண் செலவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முடிவு வந்தபோது, நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்த சில நாய்களின் ரத்தத்தில் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிச்சியா கேனிஸ் இருந்தது. ஒன்றில் பபேசியாவின் சிறிய வகையான பபேசியா கிப்சோனி. ஆய்வகத்தின் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. கோபம் புரிகிறது, ஆனால் இந்த நோய்களின் போக்கே அப்படித்தான். எர்லிச்சியாவில் முதல் காய்ச்சல் தானாகவே அடங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட, வெளியே ஒன்றும் தெரியாது. சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜை தளர்ந்து மூக்கில் ரத்தம் வடியும்போதுதான் விஷயம் வெளிவரும். கிப்சோனியோ, உண்ணி இல்லாமலும் பரவும்: நாய்ச் சண்டையில் கடிபட்டால், தாயிடமிருந்து குட்டிக்கு, அப்புறம் நாம் ஏற்றும் ரத்தத்தின் வழியாகவும். சோதனை செய்யாமல் இருந்திருந்தால் உதவி செய்யப்போய் நோயைக் கொடுத்திருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எர்லிச்சியா ஒரு பாக்டீரியா, பபேசியா ஓரணு உயிரி. முன்னதற்கு டாக்சிசைக்ளின், பொதுவாக 28 நாள். நாய் இரண்டு மூன்று நாளில் எழுந்து வாலாட்டியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பெரிய வகை பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி இரண்டு முறை, இரண்டு வார இடைவெளியில். அதே ஊசி கிப்சோனியிடம் அவ்வளவாக எடுபடாது. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தருகிறார்கள். ஆகவே எது என்று பார்க்காமல் "போன தடவை போட்ட ஊசியையே போடுங்கள்" என்று மருத்துவரை நெருக்காதீர்கள்.

உண்ணி ஒழிப்பில் நமக்கு அரை வெற்றிதான். நாய்க்கு மருந்து கொடுத்தோம், சுவரை மறந்தோம். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கூண்டின் மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

குணமான நாயை மறுபடி பட்டியலில் சேர்க்கலாமா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து: மருந்துக்குப் பிறகும் ரத்தத்தில் ஒட்டுண்ணி தங்கிவிடக் கூடும், ஒரு சோதனையில் அகப்படாமலும் போகலாம். பட்டியலில் உள்ள மற்ற நாய்களுக்கு ஆண்டுதோறும் மறுசோதனை, ஆண்டு முழுவதும் உண்ணித் தடுப்பு மருந்து. இவற்றைத் தீர்மானமாகப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்