நனைந்த நோட்டுகளைத் தேய்த்துக் கொடுத்த தம்பிக்கு

எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. நடந்ததை மன்னார்குடியில் எல்லோரும் பார்த்தீர்கள், நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்த நான்கு பிள்ளைகளுக்கு, எங்கள் அடுப்பு எரியாத நாளெல்லாம் சோறு அனுப்பிய எதிர்வீட்டு அக்காவுக்கு, இடுப்பு ஒடிய சேற்றை வழித்த தூய்மைப் பணியாளர்களுக்கு, பாயும் போர்வையும் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பஸ் டெப்போ நண்பர்களுக்கு, எல்லோருக்கும் எங்கள் வீட்டின் கும்பிடு. நீங்கள் இல்லையென்றால் அம்மா இன்று இல்லை.

இன்னொருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பி. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். பெரும்பாலும் தஞ்சாவூர் – மன்னார்குடி தடம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வடுவூரைத் தாண்டுவோம். மார்கழி சாயங்காலத்தில் ஏரிப் பக்கம் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இறங்கும். யாராவது கேட்டால் கொக்கு என்று சொல்லிவிட்டு டிக்கெட் போடப் போய்விடுவேன். அடுத்த ஸ்டேஜுக்குள் முடிக்க வேண்டுமே.

2018இல் ஓய்வு பெற்றேன். ஆனாலும் விடியற்காலை மூன்றரைக்கே முழிப்பு வந்துவிடும், முதல் டிரிப்புக்குப் போய்ப் பழகிய உடம்பு. எழுந்து உட்கார்ந்தால் போக இடம் கிடையாது. அந்த மாதிரி ஒரு நாளில்தான் பயணியாக பஸ் ஏறி வடுவூரில் இறங்கினேன். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. கொக்கு என்று ஒரே பேரில் நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், மடையான் என்று தனித்தனியாகப் பிரிந்தது. வே பில் என்ற டிக்கெட் கணக்குத் தாளை எழுதிய கை சும்மா இருக்காது. பார்த்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தேன், வருஷத்துக்கு ஒரு நோட்டு.

ஒவ்வொரு நோட்டிலும் முதல் வரி, பாசனத்துக்கு மேட்டூர் அணை திறந்த தேதி. ஜூன் 12 வழக்கம். 2018இல் ஜூலை 19. 2019இல் ஆகஸ்ட் 13. 2022இல் மே மாதமே, 24ஆம் தேதி. 2024இல் ஜூலை 28. தண்ணீர் வந்தால்தான் நடவு, நடவு வயலில்தான் நத்தை, நத்தை இருக்கும் இடத்தில்தான் நத்தைகுத்தி. அது எங்கள் பக்கத்து வயலில் எந்தத் தேதியில் வந்து நின்றது, எத்தனை நின்றது என்று வருஷா வருஷம் எழுதி வைத்திருந்தேன். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16க்கு அப்புறம் கூடு கட்ட மரம் தேடி அலைந்ததும் அதில் இருந்தது.

அந்த ஏழு நோட்டும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. எடுத்தபோது ஊறின அவல் மாதிரி இருந்தது. மெத்தையோடு சேர்த்து வாசலில் போட்டுவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்றார். ஒரு நோட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"அண்ணே, இன்னும் ஈரம் இருக்கு. ஒட்டிக் காஞ்சிருந்தாத்தான் போச்சு. வெயில்ல மட்டும் வச்சிராதீங்க."

துணி மூட்டை கட்டுவது போல ஏழையும் கட்டி எடுத்துப் போனார். தெருவில் அப்போது கரண்ட் இல்லை. அவருடையது கரிப்பெட்டி, அதனால் அவரால் முடிந்தது. அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. துணி தேய்க்கக் கொடுக்க ஆள் இல்லாத, வருமானம் இல்லாத நாட்கள் அவை.

அன்று இரவு போய்ப் பார்த்தேன். பெட்டியில் கொட்டாங்குச்சிக் கரி கொஞ்சமாகத்தான் போட்டிருந்தார். முதலில் ஈரத் துணியில் வைத்துப் பார்க்கிறார். சுர்ரென்று கத்தினால் சூடு அதிகம், ஆறவிடுகிறார். சத்தம் அடங்கினதும் தென்னை ஈர்க்கைத் தாளுக்கு அடியில் விட்டு மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு தாளைப் பிரிக்கிறார். அதன் மேல் பழைய வேட்டித் துண்டு. பெட்டியை வைத்து எடுக்கிறார், இழுப்பதே இல்லை. "இதைத் தேய்க்கக் கூடாதுண்ணே, ஒத்தணும்" என்றார். இருநூறு பக்க நோட்டு ஒன்றில் நூறு தாள். இப்படியே ஒன்பது இரவு.

பக்க அடையாளத்துக்குப் பழைய பஸ் டிக்கெட்டுகளைச் செருகி வைத்திருப்பேன். அதையும் ஒவ்வொன்றாக ஒத்தி, எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்தில் வைத்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, வண்டியிலிருந்தே கூப்பிட்டுக் கேட்டார்: "அலகுல சந்து இல்லாத குஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்னண்ணே?" நத்தைகுத்தி அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும் என்று சொன்னேன். அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர் பிரிக்கிற தாளையெல்லாம் படித்துக்கொண்டே வருகிறார். ஆறேழு வருஷமாக எழுதினேன். வீட்டில் யாரையும் படிக்கச் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஓய்வு பெற்றவர் பொழுதுபோக எழுதுகிறார் என்று நானே நினைத்திருந்தேன். என் எழுத்தை முதல் பக்கத்திலிருந்து படித்த ஒரே ஆள், அடுப்புக்கரி வெளிச்சத்தில் நின்று படித்த இந்தத் தம்பிதான்.

2022 நோட்டு மட்டும் போய்விட்டது. வடுவூர் ஏரிக்கு, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்த வருஷம் என்ற சந்தோஷத்தில், மகள் வாங்கித் தந்த மைப்பேனாவால் எழுதியிருந்தேன். மை முழுக்கக் கரைந்து, பக்கமெல்லாம் வெறும் நீலம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதின மற்றதெல்லாம் நின்றது. அந்த நீலத் தாள்களையும் விடாமல் ஒத்தி அடுக்கிக் கொடுத்துவிட்டு, "எழுத்து இல்லண்ணே, ஆனா தாள் நல்லாத்தான் இருக்கு" என்றார். பணம் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏழு நோட்டும் இப்போது பரணில் இருக்கின்றன, ஒவ்வொரு பக்கத்தையும் பேரன் போனில் படம் எடுத்துவிட்டான். இனி பால்பாயிண்டைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன். 2022ஐ அதே நீலத் தாள்களில், நினைவில் இருக்கிற வரை திரும்ப எழுதுவேன். கூட வந்தவர்களிடம் கேட்டும் எழுதுவேன்.

நேற்றுக் காலை திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "மேட்டூர் திறப்பு, மே 24." அடுத்த வரிக்கு ஒன்றும் வரவில்லை. தம்பி வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அந்த வருஷமாண்ணே? எங்க அம்மா ஊர்ல சீக்கிரமே நட்டாங்க. ஆடி பொறக்குறதுக்குள்ள ரெண்டு நத்தைகுத்தி வந்து வரப்புல நின்னுச்சு. அது பேரு அப்ப எனக்குத் தெரியாது."

எந்த ஊர், எந்தப் பக்கத்து வயல் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பார்த்தவர் என்ற இடத்தில் அவர் பேரை எழுதியிருக்கிறேன்.