பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாத்தையாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அக்கா மகளின் சாமத்திய வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு உணவு நஞ்சாகி நாங்கள் பட்டது சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாக வாட்டில் இருந்த சின்னவனும் வீட்டுக்கு வந்துவிட்டான், இடியப்பம் கேட்டு அடம்பிடிக்கிறான். அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன்.

லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைத் தாதிமார், இரவிரவாக ஓடிய த்ரீவீல் அண்ணன், கஞ்சி காய்ச்சித் தந்த மேல்மாடி அக்கா, "டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயட்டிக் தரமாட்டேன், ஜீவனி உப்புப் பக்கட்டைக் கரைத்துக் குடிங்க" என்று பிடிவாதமாக நின்ற பாமசித் தம்பி, எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் சண்டை பிடித்தவர் மச்சான், நானில்லை.

ஆனால் மனதை விட்டுப் போகாதவர் கொட்டாஞ்சேனைக்கு வந்த அந்தப் பி.எச்.ஐ. மாத்தையாதான். உணவு நஞ்சானால் வைத்தியசாலை அறிவித்தே ஆகவேண்டும்; அந்த அறிவித்தலோடு வந்தார். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். வாசலில் நின்றால் ஊர்க்கதை ஆகிவிடும் என்று அவருக்கு யார் சொன்னதோ!

"வருத்தம் வராத ஆட்களையும் கூப்பிடுங்க" என்றார் கொச்சைத் தமிழில். நல்லாய் இருப்பவர்களிடம் என்ன கேள்வி என்று முழித்தோம். கொப்பியில் கோடு போட்டு சோறு, கோழி, கட்லட், பிஸ்கட் புடிங் என்று எழுதி, ஆளாளாகக் கேட்டுக் குறித்தார். சீனி வருத்தத்தால் புடிங்கைத் தொடாத பெரியப்பா கல்லுமாதிரி இருந்தார். தொடாத மற்றவர்களும் அப்படியே. பேனை அந்த நிரலில் நின்றது. பச்சை முட்டை அடித்துச் சேர்த்த புடிங். பிறகு மலப் பரிசோதனையில் வந்ததும் சல்மொனெல்லாக் கிருமிதான்.

அந்தப் பரிசோதனைக்கான சின்னப் போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் அம்மம்மாவின் கையில் வைத்தார். ஆட்களுக்கு முன்னால் வாயே திறக்காத மனிசி, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. வயிற்றோட்டம் நின்றாலும் கிருமி கிழமைக் கணக்கில் மலத்தோடு போகும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சமையலில் கை வைக்கவேண்டாம் என்று அவர் சொன்னதை இப்போது அம்மம்மாதான் எங்களுக்குச் சட்டமாக நடத்துகிறா.

சமைத்துத் தந்த இடத்தின் பெயரை எழுதமாட்டேன். அங்கேயும் அவர் போயிருக்கிறார்; 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது.

தைக்குப் பிறகு தம்பியின் கலியாணம். பிஸ்கட் புடிங் கிடையாது. கோபப்படுபவர்கள் என்னிடம் வரலாம். மாத்தையாவுக்கு அழைப்பிதழ் வரும், குடும்பத்தோடு வரவேண்டும்.