கட்டைவிரல்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய 'ஃபுல் ஹவுஸ்' ஜாஸ் ரெக்கார்டைக் கேட்டேன். இந்த வாரம் மட்டும் ஆறேழு தடவை ஆகிவிட்டது. "எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், "நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. சாக்ஸஃபோன் வாசிக்கிற ஜானி கிரிஃபின், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறார். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகம். கிட்டார் எப்போது வரும் என்று காத்திருந்து தூங்கிப்போனேன். மறுநாள் கிட்டார் வாசிக்கிறவர் மெஸ் மாண்ட்கோமரி என்று அம்மாவிடம் பெயரைத் தப்பாகச் சொல்ல, அவள் திருத்தினாள். வெஸ் மாண்ட்கோமரி. அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், "அவ ப்ளஸ் டூ படிக்கறப்ப அவரு போட்டோவைச் சுவத்துல ஒட்டியிருந்தாளே" என்கிறாள். நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். 'ஃபுல் ஹவுஸ்' பதிவானது 1962 ஜூன் 25, நீ இப்போது இருக்கிற அதே கலிஃபோர்னியா பெர்க்லியில், ட்ஸுபோ என்ற காபி கடையில். என்ன கிழமை என்று பார்த்தால் திங்கட்கிழமை! பியானோ விண்டன் கெல்லி, பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப். மூன்று பேருமே அப்போது டிரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கடை இப்போது இல்லையாம்.

எனக்குக் காது திறந்தது 'ப்ளூ ன் பூகி'யில். டிஸ்ஸி கில்லெஸ்பியின் பாட்டு, சரியான ப்ளூஸ். பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம் கொண்ட சுற்று என்று நீ ஒருமுறை சாப்பாட்டு மேசையில் தட்டிக் காட்டினாயே, அதை வைத்து எண்ணினேன். இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டேன். வெஸ் முதலில் ஒவ்வொரு கம்பியாகத்தான் வாசிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து ஒரே சுரத்தை மேலும் கீழும் சேர்த்து இரண்டு கம்பியில் அடிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கிறது, அதுவும் அடிபடுகிறது, ஆனால் இடது கை விரலால் அதை ஊமையாக்கிவிடுகிறார். இந்த வேகத்தில்! கடைசியில் கை நிறைய கார்ட், பல சுரம் ஒரே அடியில். லேத்தில் நாங்கள் முதல் வெட்டை ஆழமாக ஓட்டி, ஃபினிஷிங்கை முடி கனத்துக்கு எடுப்போம். இவர் தலைகீழ். மெல்லியதாக ஆரம்பித்துக் கனத்தில் கொண்டுபோய் முடிக்கிறார். கைதட்டல் அங்கேதான் விழுகிறது.

'ஐவ் க்ரோன் அக்கஸ்டம்டு டு ஹெர் ஃபேஸ்' வரும்போது சாக்ஸஃபோன் இல்லை. அதை மட்டும் அம்மாவும் கேட்டாள். சமையலறையில் குழாயை மூடிவிட்டு வந்து நின்று கேட்டாள்.

வெஸ்ஸின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இண்டியானாபோலிஸில் பகலெல்லாம் ரேடியோ உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ராத்திரி ஒரு பாரில் வாசிப்பு. அது மூடியதும் இன்னொரு இடத்தில் விடிய விடிய. ஏழு பிள்ளைகள். அப்படி ஒரு ராத்திரி 1959-இல் சாக்ஸஃபோன்காரர் கேனன்பால் ஆடர்லி வந்து கேட்டுவிட்டு, ரிவர்சைடு கம்பெனியின் ஆரின் கீப்நியூஸிடம் சொல்லித்தான் வெஸ் பெயரில் ரெக்கார்டு வர வழி பிறந்தது. அப்போது வயது 36. மாரடைப்பில் போனது 45-இல், 1968 ஜூனில். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று ஆரம்பித்துவிடுவாள்.

சொல்ல வந்தது இதுதான். அவர் பிக், அதான் கம்பியைத் தட்டுகிற அந்தச் சின்னத் தகடு, அதை வைத்து வாசிக்காமல் வெறும் கட்டைவிரலில் வாசித்ததற்குக் காரணம் படித்தாயா? வேலை முடிந்து வந்து ராத்திரி வீட்டில் பழகும்போது சத்தம் அதிகம் என்று மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சொன்னார்களாம். பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தடவ ஆரம்பித்தார். விரலில் காய்ப்பு இருந்தது, அதை வைத்தே சுரத்துக்குக் கூர்மை கொண்டுவந்தார் என்று இன்னொரு கிட்டார்காரர் ஜார்ஜ் பென்சன் சொல்லியிருக்கிறார். என் கையில் 31 வருடக் காய்ப்பு இருக்கிறது. அதைப் படித்தபோது விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சிங்காநல்லூர் வீட்டில் அன்றைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட். பதினொன்றரைக்கு வந்தபோது வாசலிலேயே வீட்டுக்காரர் நின்று உன் கிட்டார் சத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். நான் மேலே வந்து உன்னைக் கத்தினேன். கிட்டாரை உடைத்துவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். மறுநாள் முழுக்க உன் பிக் காணோம் என்று கட்டிலுக்கு அடியில் தேடினாய். அதை நான்தான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இன்றுவரை சொல்லவில்லை. என் டூல்பாக்ஸில், வெர்னியர் காலிபருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் பிக் இருக்கிறது.

அதற்கப்புறம் ராத்திரியில் சுவர் வழியாகக் கேட்கும். கட்டைவிரலால் மெதுவாக. கோபத்தில் வேண்டுமென்றே ஒழுங்காக வாசிக்காமல் இருக்கிறாள் என்று நினைத்துப் புரண்டு படுப்பேன். நீ அந்தப் போட்டோவை ஒட்டியது அதற்கு முன்னாலா, பின்னாலா? இதை மட்டும் எழுது.

கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பெட்டி நன்றாக இருக்கிறது. மெல்லிய கம்பி இரண்டும் துருப்பிடித்துவிட்டன. துருவைத் துடைத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன், ஒன்று 0.25 மி.மீ., அடுத்தது 0.36. கடையில் இப்படிச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்களா, இல்லை வேறு கணக்கா?

அப்பா