எங்கள் மனுவைக் கீழே அனுப்பாதீர்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார் – மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை தாங்கள் ஆய்வுக்கு வந்த இடம்தான். அங்கே ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களாக வேலை செய்கிறோம். எங்களில் ஒரு பெண்ணிடம் மேற்பார்வையாளர் தவறாக நடந்துகொண்டது குறித்துக் குறைதீர் நாளில் இரண்டு முறை மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டுகள் இருக்கின்றன, பதில் இல்லை. பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். ஒப்பந்ததாரர் எங்களை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்துத் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கிறார். எங்களுக்கு மிஞ்சியது அந்தக் குழு இல்லாத இடங்களின் புகாரை விசாரிக்கத் தங்கள் பொறுப்பில் உள்ள உள்ளூர் குழு மட்டும்தான்.

2. இரண்டாவது மனு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற முத்திரையோடு படிப்படியாகக் கீழே இறங்கி, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே வந்துசேர்ந்தது. காலை ஐந்தரை மணிக்கு வருகை எடுக்கும்போது மேற்பார்வையாளர் அதை விரித்து எல்லார் முன்னிலையிலும் படித்தார். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் இரண்டு முறை படித்தார். புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அன்று முதல் அவருக்குக் கையுறை கிடையாது. சாக்கடை அடைப்பு எடுக்கும் வேலை மட்டும். சாட்சி சொல்ல இருந்த இருவர் குடியிருப்பது மேற்பார்வையாளரின் உறவினர் நிலத்தில். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஊரில் அந்தக் குடும்பம் யார், காலனியில் நாங்கள் யார் என்பதை எழுதித்தான் தங்களுக்குத் தெரிய வேண்டுமா?

3. விசாரணை என்று ஒப்பந்ததாரர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மேற்பார்வையாளருக்கு நாற்காலி. அந்தப் பெண் நின்றார். மேற்பார்வையாளர் சாதிப் பெயரைச் சொல்லித்தான் அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். வாக்குமூலத்தில் கை இருக்கிறது, சாதி இல்லை. ‘அது வேறு சட்டம், இங்கே வேண்டாம்’ என்றாராம் எழுதியவர். இரண்டையும் செய்தது ஒரே ஆள் அல்லவா, ஐயா?

4. இந்தச் சட்டத்துக்கு வழிவகுத்த 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பின் பின்னால் இருப்பவர் ராஜஸ்தானின் குயவர் சமூகப் பெண் பன்வாரி தேவி. ஆதிக்கச் சாதியினர் மீதான அவருடைய வன்புணர்வுப் புகாரில் 1995-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சட்டம் எல்லாருக்கும் வந்தது, அவருக்கு நியாயம் வரவில்லை. எங்கள் பெண்ணுக்கும் அந்தக் கதி வேண்டாம்.

உள்ளூர் குழு தங்கள் அலுவலகத்திலேயே நேரடியாக விசாரிக்க வேண்டும். 12-ஆவது பிரிவின்படி, விசாரணை முடியும்வரை மேற்பார்வையாளரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மீண்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: இந்த மனுவைக் கீழே அனுப்பிவிடாதீர்கள். இதற்காகவே எங்கள் பெயர்ப் பட்டியலை மூடிய உறையில் தனியாக வைத்திருக்கிறோம். தாங்களே பிரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தூய்மைப் பணியாளர்கள்