பழைய இரும்பில் கலந்த செம்பு

ஆசிரியருக்கு,

எஃகுத் தொழிலை, நிலக்கரியைக் கொண்டு இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையிலிருந்து, மின்சாரத்தால் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைக்கு மாற்றுவது பற்றிய விவாதங்களில், உலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதில் இடப்படும் பழைய இரும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிலக்கரியைக் கொண்டு தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு எடுக்க ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியாகிறது. பழைய இரும்பை உருக்கினால் அது பெருமளவு குறைகிறது (மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வந்தால் அந்த ஆதாயம் சுருங்கிவிடும்). ஆனால், வாகனங்களை மோட்டாரும் மின்கம்பியுமாக அப்படியே நொறுக்கி உலையில் கொட்டினால், அவற்றிலுள்ள செம்பு எஃகில் கரைந்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பு முறைகளால் அதைப் பிரிக்க இயலாது. சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றுவதால், அத்தகைய எஃகு கட்டுமானக் கம்பிக்கு ஏற்கப்படலாமே தவிர, வாகனத் தகட்டுக்கு உதவாது. ஆகவே, புதிய உலைகளுக்கு மானியம் ஒதுக்கும் அரசு, செம்பை அகற்றிய பின்னரே வாகனங்களை நொறுக்க வேண்டும் என்ற விதியையும் உடன் கொண்டுவர வேண்டும்.

ஒரு வாசகர்